வீட்டுப் பொருளும் வறுமையின் அளவும்

ஒரு குடும்பம் வறிய குடும்பமா அன்றா என்பதை எதனைக் கொண்டு அறிவது? இது எளிய வினாவாகத் தோன்றும். வீட்டினுள்ளே எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று பலரும் கேட்பர். கூரை ஓலையா ஓடா, தொலைக்காட்சிப் பெட்டி உண்டா, குளிர்சாதனப் பெட்டி உண்டா, முற்றத்தில் மோட்டார்ச் சைக்கிள் நிற்கின்றதா, ஆண்டில் ஒருமுறையேனும் குடும்பத்தோடு வெளியூர் சென்று தங்கி வருகின்றார்களா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நம்மிடையே பழகிப்போன வழக்கம். அயலார் மட்டுமன்றி அரசாங்கங்களும் இவ்வாறே தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. அத்தீர்ப்பைப் பொறுத்தே ஒரு குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவிப்பணம் கிடைப்பதும் கிடையாமற் போவதும் அமைகின்றன. ஆகவே, வீட்டுப் பொருளும் விடுமுறைப் பயணமும் வறுமைக்கு நம்பத்தக்க அடையாளங்களாகுமா என்பதை, கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு இன்று ஆராய்வோம்.

கண்ணுக்குத் தெரியும் பொருளைக் கொண்டு செல்வத்தை மதிப்பிடும் முறை மிகப் பழையது. இங்கிலாந்தில் 1662 ஆம் ஆண்டில் அடுப்பு வரி விதிக்கப்பட்டது. ஒரு வீட்டில் எத்தனை அடுப்பங்கரைகள் உள்ளனவோ அத்தனைக்கும் வரி. 1696 இல் பலகணி வரி வந்தது. பலகணிகள் மிகுந்த வீட்டுக்காரன் செல்வன் என்பது ஆட்சியாளர் கொண்ட கணக்கு. மக்களோ வரிக்கு அஞ்சிப் பலகணிகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். செல்வம் குறையவில்லை, வீட்டின் வெளிச்சமும் காற்றுமே குறைந்தன. 1851 வரையில் நீடித்த அந்த வரி ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. எப்பொருளைக் கணக்கிடப் போகின்றோம் என்று அறிவிக்கின்றோமோ, அப்பொருள் அன்று முதலே உண்மை பேசுவதை நிறுத்திவிடக்கூடும்.

வறுமையை முறையாக அளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் சீபோம் ரவுண்ட்ரீ என்பவர். சாக்கலேட் உற்பத்தி செய்த செல்வக் குடும்பத்திற் பிறந்த இவர், 1899 இல் யோர்க் நகரத்துத் தொழிலாளர் இல்லங்களை ஆராய்ந்து, 1901 இல் தம் நூலை வெளியிட்டார். நகர மக்களுள் ஏறத்தாழ 28 வீதத்தினர் வறுமையில் வாழ்வதாக அவர் கண்டார். உடல் நலத்துக்கு வேண்டிய அளவிற்கும் வருமானம் போதாதவர்களை ஒரு பிரிவாகவும், வருமானம் போதுமாயினும் வேறு செலவுகளால் வறுமையுற்றவர்களை மற்றொரு பிரிவாகவும் வகுத்தார். முதற் பிரிவினரை வருமானக் கணக்குக் காட்டிற்று. மொத்த வறியோரின் தொகையை அறிவதற்கோ, வீட்டின் தோற்றத்தையும் அங்குள்ளோரின் நிலையையும் கண்ட ஆய்வாளரின் கண்களையே அவர் நம்ப வேண்டியிருந்தது. 1936 இல் மீண்டும் அதே நகரை ஆராய்ந்தபோது, தோற்றத்தை நம்பும் அம்முறையை அவர் கைவிட்டார். ஒரு தலைமுறைக்குள் 'வறிய வீட்டின் தோற்றம்' என்பதே மாறிப் போய்விட்டது. இம்முறை அவர் வகுத்த இன்றியமையாத் தேவைகளின் பட்டியலில் செய்தித்தாளும் வானொலிப் பெட்டியும் கூட இடம் பெற்றன என்பது வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

அதன் பின்னர் பீற்றர் ரவுன்சென்ட் என்னும் அறிஞர் 1968-69 இல் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1979 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். சமுதாயத்தில் வழக்கமாகிவிட்ட வாழ்க்கையிலிருந்து விலக்கப்படுவதே வறுமை என்பது அவர் கொள்கை. அதனை அளக்கப் பன்னிரண்டு குறிகளை அவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாமை, கடந்த ஓராண்டில் ஒரு கிழமைக் காலம் வெளியூரில் விடுமுறை கழிக்காமை, கிழமையில் நான்கு நாட்களாவது இறைச்சி உண்ணாமை ஆகியவை அவற்றுட் சில. 1981 இல் டேவிட் பியாஷோ என்பவர் இதனை மறுத்தார். ஒருவர் ஒரு பொருளை வேண்டாது விடுவதற்கும், வேண்டியும் பெற முடியாமைக்கும் உள்ள வேறுபாட்டை இப்பட்டியல் காணவில்லை என்பது அவர் மறுப்பின் சாரம். அம்மறுப்பின் வலிமை நமக்கு எளிதில் விளங்கும். புலால் உண்ணாத சைவக் குடும்பம் எத்துணைச் செல்வமுடையதாயினும், இப்பட்டியலின்படி ஒரு வறுமைக் குறியைப் பெற்றுவிடும் அல்லவா? இக்குறையை நீக்க, 1983 இல் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஆய்வொன்றில், 'இப்பொருள் இல்லாமைக்குக் காரணம் விருப்பமின்மையா, வசதியின்மையா' என்று வீட்டாரையே கேட்டார்கள். ஜோவானா மாக், ஸ்டுவர்ட் லான்ஸ்லி ஆகிய இருவரும் கையாண்ட இம்முறை இன்றுவரை பின்பற்றப்படுகின்றது.

மேலைநாட்டு அறிஞர் ஒரு வேறுபாட்டைக் கண்டனர், நன்று. ஆயின், அவர்கள் கண்ட வேறுபாடு ஒன்று போதுமா? வன்னிப் பெருநிலத்துக் கிராமம் ஒன்றின் கதையைக் கேட்டால், மேலும் சில வினாக்கள் எழுவதை உணர்வோம்.

கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கும் இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் போதாமல் இருந்தோர் அக்குளத்து நீரை நம்பிக் காடு வெட்டிக் கழனியாக்க வந்தார்கள். அவ்வாறு எழுந்த குடியேற்றங்களுள் வட்டக்கச்சியும் ஒன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட குடியேற்றக் காணிகளைத் தனியாரிடம் விருப்பம்போல் விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. காணி கடன்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே சட்டத்தின் நன்னோக்கம். அதனால், ஏக்கர்க் கணக்கில் வயல் உடையவர் என்று எழுதப்பட்ட குடும்பமும், அவசரத்துக்குப் பணம் வேண்டுமெனில் அக்காணியைப் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தது. பெயரளவில் உள்ள உடைமை வேறு, ஆபத்துக்கு உதவும் உடைமை வேறு.

1970 முதல் 1977 வரையில் இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், உள்நாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வடபகுதிக் கமக்காரர் பலர் அந்நாளில் கல்வீடு கட்டினர். உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் வாங்கினர். 1977 இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் விலை வீழ்ந்தது. ஆனால், வாங்கிய இயந்திரம் முற்றத்தில்தான் நின்றது. கட்டிய வீடும் இடிந்துவிடவில்லை. 1979 இல் அவ்வீட்டைப் பார்த்த ஒருவர், 1975 இன் செழிப்பையே கண்டிருப்பார். வீட்டுப் பொருள் சென்றுபோன நல்வாழ்வின் நினைவாக நிற்கும். இன்றைய உலையில் அரிசி உண்டா என்பதை அது சொல்லாது.

தொண்ணூறுகளில் நிலை இன்னும் விநோதமாயிற்று. போர்க்காலத் தடைகளால் மண்ணெண்ணெய், சீமெந்து, பசளை, மின்கலம் முதலியன வன்னிக்கு வருவது அரிதாயிற்று. மின்சாரமும் இல்லை. வானொலிப் பெட்டி பல வீடுகளில் இருந்தது. அதற்கு வேண்டிய மின்கலம் இல்லை. ஆகவே துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் செய்தி கேட்டார்கள். இவ்வீட்டைக் கணக்கெடுப்பவர் வானொலி ஒன்று, துவிச்சக்கர வண்டி ஒன்று என்று எழுதியிருப்பார். 2010 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் ஒக்ஸ்போர்ட் அறிஞரும் வெளியிட்ட பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணின்படி, வானொலி, தொலைக்காட்சி, தொலைபேசி, துவிச்சக்கர வண்டி, மோட்டார்ச் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கும் குடும்பம், உடைமை என்னும் அளவில் வறியதாகாது. அந்த அளவுகோலை அக்காலத்துக்குப் பொருத்திப் பார்ப்போமாயின், டைனமோச் சுழற்றிய குடும்பம் குறையற்றதாகிவிடும்!

பின்னர் இறுதிப் போர் வந்தது. 2009 ஜனவரியில் கிளிநொச்சி நகரம் வீழ்ந்தது. அதனை அண்டிய நாட்களில் வட்டக்கச்சி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய பொருளை வழியெங்கும் கைவிட்டுக் கைவிட்டு, ஈற்றில் கைப்பையோடு கடற்கரையை அடைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். உயிரிழந்தோர் பலர். தப்பியோர் வவுனியா மெனிக் பாம் முகாம்களிற் கூடாரங்களில் அடைக்கப்பட்டனர். பத்து ஏக்கர் பயிரிட்டவரும் அவரிடம் கூலிக்கு நின்றவரும் அங்கே ஒரே வகைப் பாயில் உறங்கி, ஒரே வரிசையில் நின்று உணவு பெற்றனர். பொருட்கணக்கின்படி இருவரும் சமம். ஆயினும் வெளிநாட்டில் உடன்பிறந்தார் உள்ளவருக்கும், எவருமற்ற விதவைக்கும், எதிர்காலம் ஒன்றாக இருக்கவில்லை. உறவு என்னும் செல்வம் எந்தப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் நிகழ்ந்ததே நம் வினாவுக்கு மிக முக்கியமானது. வெறுங்கையோடு திரும்பியவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் துவிச்சக்கர வண்டி, தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், ஆடு, கோழி முதலியவற்றை வழங்கின. 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா தவணை முறையில் கொடுக்கப்பட்டது. வீட்டை உரியவரே நின்று கட்ட வேண்டும். விலைவாசி ஏறியபோது அப்பணம் போதாமல், நகையை அடைவு வைத்தும் கடன்பட்டும் சுவரை எழுப்பினோர் உண்டு. மின்சாரம் வந்தது, தவணைக்குப் பொருள் தரும் கடைகள் வந்தன, மோட்டார்ச் சைக்கிளை லீசிங்கிற் கொடுக்கும் நிறுவனங்கள் வந்தன, கிராமத்து மகளிரைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் வழங்குவோரும் வந்தனர். சில ஆண்டுகளுக்குள் வட்டக்கச்சி போன்ற ஊர்கள் பார்வைக்கு மலர்ந்துவிட்டன.

இனி, குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்கைப் பாருங்கள். அது பொருளைக் கணக்கிடுவதன்று. குடும்பங்களின் நுகர்வுச் செலவைக் கணக்கிடுவது. 2012/13 ஆம் ஆண்டு ஆய்வில் கிளிநொச்சி மாவட்டத்து மக்களுள் 12.7 வீதத்தினர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். 2016 இல் அது 18.2 வீதமாகி, அவ்வாண்டில் இலங்கை மாவட்டங்கள் அனைத்திலும் உயர்ந்த வீதமாயிற்று. நாடு முழுவதற்கும் அப்போதைய வீதம் 4.1 மட்டுமே. கல்வீடுகள் எழுந்து, தொலைக்காட்சிகள் நுழைந்த அதே ஆண்டுகளில், குடும்பங்களின் செலவாற்றல் சுருங்கியிருக்கின்றது. வீடு வறுமையை உண்டாக்கிற்று என்று நான் சொல்லவில்லை. வீட்டைக் கண்டு வறுமை நீங்கிற்று என்று முடிவு கட்டியிருந்தால் அது பிழையாகியிருக்கும் என்பதே நான் சொல்வது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மகளிர் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை ஏற்றுக்கொள்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. அம்மாவட்டங்களுள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கும்.

இத்தகைய அனுபவம் வன்னிக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1997 இல் கிராமப்புற வறியோரைக் கணக்கெடுத்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியோ மின்விசிறியோ இருந்தால் அக்குடும்பம் வறியோர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு வறிய குடும்பங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாக வழங்கிற்று. 2011 முதல் வேறோர் ஆட்சி மின்விசிறியையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் வழங்கிற்று. ஓர் அரசு வறியோரென்று கண்டு கொடுத்த பொருளே, வேறோர் அரசின் படிவத்தில் அவர் வறியோரல்லர் என்பதற்குச் சான்றாகியிருக்கும். 2011 கணக்கெடுப்பில் தொலைக்காட்சியும் மின்விசிறியும் விலக்குக் குறிகளாகக் கொள்ளப்படவில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டார் வண்டியும் அவ்விடத்தில் இருந்தன.

இனி விடுமுறையைப் பற்றிச் சில சொற்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் ஏற்றுக்கொண்ட வறுமைக் குறிகளில், ஆண்டுக்கொரு கிழமை வெளியூர் விடுமுறைக்கு வசதியின்மையும் ஒன்று. 2017 இல் அப்பட்டியலைத் திருத்தியபோது தொலைக்காட்சி, சலவை இயந்திரம், தொலைபேசி மூன்றையும் நீக்கினார்கள். அவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருந்தமையால், எவரையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. விடுமுறையோ நிலைத்து நின்றது. மாதச் சம்பளம் பெறும் சமுதாயத்தில் அது பொருத்தமாகலாம். இரணைமடுவின் கீழ்ப் பயிரிடுவோருக்கு விடுமுறை என்பது என்ன? காலபோகம் அறுவடையானதும், குளத்து நீரின் அளவைப் பொறுத்தே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கப்படும். நீர் கிடையாதவருக்குப் பல மாதம் வேலையில்லை. அந்த ஓய்வை விடுமுறை என்று எவர் சொல்லத் துணிவார்?

பயணத்தையும் அவ்வாறே நோக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கும், நல்லூர்த் திருவிழாவுக்கும், ஆவணி மாதத்து மடுத் திருவிழாவுக்கும் வறியவரும் செல்வரும் ஒருங்கே செல்கின்றனர். நேர்த்திக்கடன் வைத்தவர் கடன் வாங்கியும் போவார். கோவில் வீதியில் தங்கி, கட்டுச்சோறு உண்டு திரும்பும் பயணத்தை, உல்லாச விடுதியில் தங்கும் பயணத்தோடு சேர்த்து எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்? கனடாவிலிருந்து வந்த தமையன் வாகனம் பிடித்துக் குடும்பத்தாரைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றான் என்றால், அது தமையனின் வருமானத்தைக் காட்டுமேயன்றித் தங்கையின் அடுப்பைக் காட்டாது. மறுபுறம், வசதியுள்ள கமக்காரர் ஒருவர், மாட்டுக்கு வைக்கோல் போட ஆளில்லை என்று ஆண்டு முழுவதும் ஊரைவிட்டு நகராமலும் இருக்கலாம்.

அவ்வாறாயின், பொருளைக் கணக்கிடுவது பயனற்ற வேலையா? அப்படியும் சொல்வதற்கில்லை. வருமானத்தைக் கேட்டறிவது அதைவிட எளிதன்று. 1979 இல் இலங்கையில் உணவு முத்திரைத் திட்டம் வந்தபோது, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களே தகுதியுடையன என்று விதித்தனர். ஆண்டில் இருமுறை அறுவடையும் இடையிடையே கூலியும் பெறும் கமக்காரர், மாத வருமானம் இதுவென்று நேர்மையாகவே சொல்ல நினைத்தாலும் எவ்வாறு சொல்வார்? பொருளோ கண்ணுக்குத் தெரிவது, மறந்துபோகாதது, மறைப்பதற்கும் அரிது. டியோன் பில்மர், லாண்ட் பிரிச்செட் என்னும் இரு பொருளியலாளர், இந்தியக் குடும்பங்களின் உடைமைகளைத் தொகுத்துப் பார்த்து, மாநிலந்தோறும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை செல்வ நிலைக்கேற்ப மாறுவதை 2001 இல் தெளிவாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் திரளாக நோக்கும்போது, பொருட்கணக்கு ஓரளவுக்கு உண்மையைச் சொல்கின்றது. தனிக் குடும்பமொன்றுக்கு உதவி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய அதனையே பயன்படுத்தும்போதுதான் அநீதி விளைகின்றது. திரளிற் கழிந்துபோகும் சிறு பிழை, தனி வீட்டில் ஒரு மாதத்து அரிசியாகிவிடும்.

இது ஏட்டுச் சுரைக்காயன்று. இலங்கையில் 2022 இல் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, 2023 இல் கொடுப்பனவு தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில், கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் தெரிவு செய்யப்பட்டன. பொருளை மட்டும் பாராது பலவற்றையும் பார்க்க முயன்றது பாராட்டத்தக்கதே. ஆயினும் முதற் பட்டியல் வெளியானதும், நாடெங்கும் பிரதேச செயலகங்களில் மேன்முறையீட்டுப் படிவத்தோடு மக்கள் திரண்டனர். எண்களால் ஆன அளவுகோலுக்கு மனிதர் கூறும் விளக்கத்தைக் கேட்கும் வாயிலும் வேண்டும் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, ஒரு வீட்டில் ஒரு பொருளைக் காணும்போது நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகின்றது. முதலாவது, இப்பொருள் எவ்வாறு வந்தது? உழைத்து வாங்கியதா, கொடையாக வந்ததா, பழைய நற்காலத்தின் எச்சமா? இரண்டாவது, இதன்மேல் இன்னும் எவ்வளவு கடன் உண்டு? தவணை தவறினால் நாளை இழுத்துச் செல்லப்படும் மோட்டார்ச் சைக்கிள் செல்வமன்று. மாதந்தோறும் வரும் சுமை. மூன்றாவது, இதனை விற்றால் தொழில் நிற்குமா? பஸ் ஓடாத உள்வீதிகளில் கூலி வேலைக்குச் செல்பவருக்கு வண்டியும், கமக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரமும் மண்வெட்டியைப் போன்றவை. வறியவர் என்று மெய்ப்பிப்பதற்காக அவற்றை விற்கச் சொல்வது, அவரை மெய்யாகவே வறியவராக்குவதாகும். நான்காவது, இல்லாத பொருள் வேண்டாமையால் இல்லையா, இயலாமையால் இல்லையா? மேலை அறிஞர் கேட்டது இந்த நான்காவது வினாவையே. முதல் மூன்றையும் வட்டக்கச்சி போன்ற ஊர்களின் வரலாறு நம்மைக் கேட்கச் செய்கின்றது.

இவ்வினாக்களுக்கு விடையறிய நெடுநேரம் வேண்டுவதில்லை. அயலிலேயே வாழும் கிராம உத்தியோகத்தருக்கும், ஊர்ச் சங்கத்தாருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் பெரும்பாலான விடைகள் முன்னரே தெரிந்திருக்கும். படிவத்தில் அவற்றை எழுதுவதற்கு ஓரிடம் வைத்தாற் போதும். அவ்விடம் இல்லாத படிவத்தோடு ஓர் அலுவலர் முற்றத்தில் வந்து நின்றால், அவர் நல்லவராயினும், சுவரையும் கூரையையும் பார்த்து எழுதிச் செல்வாரேயன்றி, சுவருக்கு உள்ளே அன்றிரவு எத்தனை பேர் உண்டார்கள் என்பதை அறியமாட்டார்.